நந்தனாவின் ஒப்பும் முப்பத்தெட்டுக் கிணறுகளும்

பனச்சவிளையில் ஒரு பெண் சுத்தியலோடு பாறையைத் தட்டிக்கொண்டு திரிவதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. கேரளத்துக் குன்னத்துகாலிலிருந்து தமிழ்நாட்டு எல்லையை நோக்கி இறங்கும் சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நூற்றுச்சொச்சம் வீடுகள் கொண்ட ஊர் அது. கிழக்கே நரிமடைப் பாறை. சந்தையில் சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி தாணுவின் மகள் நந்தனா அந்தப் பாறைச் சரிவில் குந்தியிருந்து ஒரு சில்லைப் பெயர்ப்பாள். நாக்கில் தொட்டு ஈரமாக்குவாள். பிறகு கண்ணோடு ஒட்டிவைத்த சிறு லென்சில் அதைப் பார்ப்பாள்.

"எட்டி நந்தனா, கல்லையா நக்குத? உனக்க அம்மை வீட்டுல சோறு வடிக்கல்லியா?" என்று பக்கத்து வீட்டு விலாசினி ஒருநாள் கேட்டாள்.

"ஈரமானாத்தான் மாமி உள்ள கெடக்குத மணி தெரியும். இந்தா பாருங்க. சிவப்பா மினுங்குதுல்லா, அது கார்னெட்டுன்னு ஒரு கல்லாக்கும்."

விலாசினி லென்சை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "அம்மோ! மாதுளை முத்து மாதிரியில்லா இருக்கு. இதையா நாம இத்தன நாளும் சவிட்டி நடந்தோம்?"

அன்றிலிருந்து நந்தனாவின் படிப்பில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதுபோல விலாசினி நடந்துகொண்டாள். நூறுநாள் தொழிலுறுதி வேலைக்குப் போகும் பெண்களிடம், "நம்ம சுகுமாரிக்க மோளு படிக்குத படிப்பு லேசுப்பட்டதில்ல" என்று நந்தனாவின் அம்மா சுகுமாரியை விட அதிகமாக அவள்தான் சொல்லித் திரிந்தாள்.

நந்தனா இந்தப் படிப்புக்குப் போனதற்கு ஒரு தொலைக்காட்சிச் செய்திதான் காரணம். அவள் பிளஸ் டூ முடித்த வருடம், வடக்கே எங்கோ மழையில் மலைச்சரிவு இடிந்தது. எல்லா சேனலிலும் அழுகையும் ஓட்டமும். அதற்கு நடுவே மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் அதிகாரி மட்டும் ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து, இந்த மண்ணுக்கும் கீழே இருக்கும் பாறைக்கும் இடையில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் இடிந்து விழுந்த மலை அவளுக்கு மட்டும் விளங்கியிருந்தது. நந்தனாவுக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. கூடப் படித்தவர்கள் நர்சிங்கும் பி.காமும் தேடியபோது அவள் ஜியாலஜி என்றாள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், அந்தப் பிரிவுக்கு ஆளே வராததால் கட்டணத்தில் பாதியைத் தள்ளிக் கொடுத்தார்கள். அஞ்சு வருடம் சேர்த்துப் படிக்கும் எம்.எஸ்சி.

தாணு அதிகம் பேசமாட்டார். பாறசாலைச் சந்தைக்குச் சுமை எடுக்கப் போகும்போது மகளையும் பைக்கில் ஏற்றி ரயில் நிலையத்தில் விட்டுப்போவார். "கெணத்துக்கு எடம் பாக்குத படிப்பா தாணு?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால், "ஆமா, அதும் உண்டு" என்பார். அவருக்கும் முழுசாகத் தெரியாது.

பல்கலைக்கழகத்தின் முகப்பில் கண்ணாடிக் கட்டடம், நீரூற்று, புல்வெளி. நிலவியல் துறை அதற்கெல்லாம் பின்னால், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தது. ஏழு பேர் படித்தார்கள். மூன்று மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது. நந்தனா வாயைத் திறந்தால் சிலர் சிரித்தார்கள். அவள் பேசுவது தமிழா மலையாளமா என்று பந்தயம் கட்டினார்கள். முதல் மாதம் அவள் பெரும்பாலும் ஊமையாகத்தான் இருந்தாள்.

அப்போதுதான் ஜெய்சன் சார் வந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவரும் கேரளப் பக்கம்தான், காஞ்சிரங்குளத்துக்காரர், கடல்வேலைக் குடும்பம். வருகைப்பதிவு எடுக்கையில் அவள் பேரைக் கேட்டு நிமிர்ந்தார்.

"நீ எங்க உள்ளதாக்கும் மக்கா?"

"குன்னத்துகாலு பக்கம் சாரே."

"அப்ப நாம ஒரே மண்ணு" என்று சிரித்தார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒரு பேராசிரியர் வகுப்பறையில் இந்தப் பேச்சைப் பேசலாம் என்பதே நந்தனாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அன்று மாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவர் நன்றாகப் பாடம் நடத்தினார். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். கடற்கரைக்குக் கூட்டிப்போய், மணலில் ஒரு முழம் குழி வெட்டி, கறுப்பும் வெளுப்புமாக அடுக்கியிருந்த வரிகளைக் காட்டுவார். "இது ஒரு மழைக்காலம், இது அதுக்கடுத்த வேனல். கடலு எழுதி வச்சிருக்குத டைரியாக்கும். படிக்கத் தெரியணும், அவ்வளவுதான்" என்பார். காந்தத்தை மணலில் இழுத்து, ஒட்டிவரும் கருமணலை அவர்கள் உள்ளங்கையில் கொட்டுவார். திசைகாட்டியைப் பாறைப் பிளவில் வைத்து அளக்க நந்தனாவின் கையைப் பழக்கியதும் அவர்தான். பாறையில் விரல் நுழையாத வெடிப்பாக இருக்கும். தண்ணீர் அதன் வழியே இரண்டு கிலோமீட்டர் போகும் என்று அவர் சொன்னதை அவள் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

கடைசி வருடம் ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கவேண்டி வந்தது. நந்தனா கடற்கரை அரிப்பைப் பற்றிச் செய்ய நினைத்திருந்தாள்.

"அது பத்து பேரு செய்தாச்சு" என்றார் ஜெய்சன் சார். "உனக்க ஊரையே எடு. அந்தப் பாறைக்கும் அங்க உள்ள கெணறுகளுக்கும் என்ன தொடர்புன்னு பாரு. வெளியில இருந்து ஒருத்தன் வந்தா ஆளுங்க கெணத்தடிக்கே விடமாட்டாவ. உன்னை விடுவாவ."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். அப்போதே அவர் மனசில் அது இருந்ததா, இல்லை பிறகு வந்ததா? இன்றைக்கும் அவளுக்கு அது தெரியாது.

முப்பத்தெட்டுக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்தாள். ஐப்பசியில் பெய்யும் துலாமழை ஓய்ந்து ஊரே நீரில் ஊறிக் கிடக்கும்போது ஒருமுறை, மேட மாச வெயிலில் அடி காயும்போது ஒருமுறை, இரண்டு தடவை அளக்கவேண்டும். முனையில் ஈயக்குண்டு கட்டிய அளவு நாடாவை உள்ளே இறக்கி, தண்ணீர் தொடும் சத்தம் கேட்டதும் நிறுத்தி, எத்தனை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதுவாள். வேலை எளிதுதான். ஆனால் அடுத்தவர் கிணற்றில் நாடா விடுவது எளிதல்ல. சர்க்கார் வரி போட வருகிறது என்றொரு பேச்சு கிளம்பியது. மேல்வீட்டுச் சரோஜம் வாசலிலேயே மறித்தாள்.

"இது எந்த ஆபீசுக்காக்கும்?"

"ஆபீசுக்கு ஒண்ணும் இல்ல அக்கா. எனக்க படிப்புக்கு மட்டும்தான். வெளிய யாருக்கும் குடுக்கமாட்டேன். வாக்கு தாறேன்."

சரோஜம் அசையவில்லை. விலாசினிதான் முன்னால் வந்தாள். "பிள்ளை வாக்கு தந்தாச்சுல்லா? வழி விடு. மொதல்ல எனக்க கெணத்துல அளந்தா. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அப்படித்தான் முப்பத்தெட்டு வாசலும் திறந்தன. எல்லா வீட்டுக்கும் விலாசினி கூடவே வந்தாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள். நந்தனாவின் வகுப்புத் தோழி ரினி ஒருநாள் உதவிக்கு வந்தபோது இருவரையும் கிணற்றடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். விலாசினி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

மேட மாச அளவுகளை எழுதி முடித்து, பாறைப் பிளவுகளின் திசைகளோடு வைத்துப் பார்த்த நந்தனா மறுபடியும் முதலிலிருந்து சரிபார்த்தாள். எந்தக் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் அதிகம் இறங்காமல் நின்றதோ, அவை எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. நரிமடைப் பாறையிலிருந்து மேற்கே இறங்கும் பிளவுகளின் நேர்வரிசை அது. அந்த வரிசைக்கு வெளியே இருந்தவற்றில் பத்து பதினொரு மீட்டருக்குக் கீழேதான் தண்ணீர் கிடந்தது. நான்கு கிணறுகள் காய்ந்தே போயிருந்தன. பாறைதான் ஊரின் தண்ணீர்த் தொட்டி. அதை வெட்டினால், இன்றைக்குக் கோடையிலும் தண்ணீர் இறங்காத இருபத்தொரு கிணறும் இரண்டு மூன்று கோடைக்குள் வற்றும்.

ஜெய்சன் சார் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "கொள்ளாம் மக்கா" என்றார். "நல்லா செய்திருக்க." அவர் குரலில் பெருமை இருந்தது. அது நடிப்பல்ல என்று நந்தனா இன்றும் நம்புகிறாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ரயிலுக்கு நேரமாகி அவள் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு கோப்பை நீட்டினார். ஒரு கன்சல்டன்சி நிறுவனத்தில் அவளுக்கு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் ஏற்பாடு செய்திருப்பதாகவும், கள ஆய்வாளர் என்று போட்டுத் தருவார்கள், வேலைக்கு உதவும் என்றும் சொன்னார். "ரெண்டு எடத்துல ஒப்பு போடு."

கையெழுத்துப் போடவேண்டிய கடைசிப் பக்கம் மட்டும் மேலே மடங்கி இருந்தது. அவள் ஒப்பு போட்டாள். "தேங்க்ஸ் சாரே" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வண்டி கிடைத்துவிட்டது.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். சுகுமாரி மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். விலாசினி உள்ளே வந்தாள். எப்போதும்போல அடுக்களை வழியாக வரவில்லை. முன்வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். கையில் ஒரு தடித்த போட்டோஸ்டாட் கட்டு.

நரிமடைப் பாறையில் குவாரி வரப்போகிறது என்ற பேச்சு இரண்டு மாதமாகவே ஊரில் இருந்தது. அதற்கு எதிராக ஊர்க்காரர்கள் ஒரு போராட்ட சமிதி கூட்டியிருந்தார்கள். விலாசினி அதில் செயலாளர். பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முன்னால் பார்வைக்கு வைத்திருந்த, குவாரிக்கான சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையை அவர்கள் நகல் எடுத்திருந்தார்கள்.

"நந்தனா எங்க?" என்று கேட்டாள். நந்தனா வெளியே வந்ததும், கட்டைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினாள்.

கிணற்றடியில் விலாசினி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாடாவோடு நந்தனா. கீழே, 'உள்ளூர் மக்களின் முழு ஒத்துழைப்போடு நடந்த ஆய்வு' என்று அச்சிட்டிருந்தது.

"வேற ஒண்ணும் சொல்லண்டாம்" என்றாள் விலாசினி. "இதுல உள்ளது உனக்க ஒப்பு தானா? அதை மட்டும் சொல்லு."

நந்தனா பக்கத்தைப் புரட்டினாள். கடைசியில், அந்தக் கன்சல்டன்சி நிறுவனத்தின் முத்திரையோடு, கள ஆய்வாளர் என்பதற்குக் கீழே அவள் பேர். ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் போட்ட, வால் நீண்ட ஒப்பு. அதற்கு முன்னால் ஒரு அட்டவணை. முப்பத்தெட்டுக் கிணறுகள். 'கோடைக்கால நீர்மட்டம்' என்று தலைப்பு. இரண்டு மீட்டர் ஆழம், இரண்டரை, மூன்று, இரண்டு. எல்லாமே அவள் எழுதிய எண்கள்தான். துலாமழைக்குப் பிறகு, கிணறுகளில் தண்ணீர் மேலேறி நின்றபோது எடுத்த அளவுகள். மேட மாசத்து அளவுகளைக் காணவே இல்லை. கீழே முடிவாக, கொளுத்தும் கோடையிலும் இப்பகுதிக் கிணறுகளில் நீர் நிறைந்திருப்பதால் குவாரியால் பாதிப்பு வராது என்று இருந்தது.

"மாமி, இது நான்... மழை கழிஞ்சு எடுத்ததை வேனலுன்னு..."

"ஒப்பு உனக்கதா?"

"எனக்கதுதான். ஆனா மாமி..."

"நான் ஒவ்வொரு வீடா உனக்கு முன்ன நடந்தேன்" என்றாள் விலாசினி. அவள் குரல் உயரவே இல்லை. "சரோஜம் வேண்டாம்னு நின்னா. அவளை நான் தள்ளி நிறுத்தினேன். எனக்க மொகத்தையும் கொண்டுபோய் வித்துப்போட்டியே மக்களே. இப்பிடி சதிக்க உனக்கு யாரு சொல்லித் தந்தது?"

கட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். சுகுமாரி கையில் கத்தியோடு அப்படியே இருந்தாள். "எனக்கு ஒண்ணும் விளங்கல்லியே" என்று மட்டும் சொன்னாள்.

நந்தனா மறுநாள் முதல் வண்டிக்குப் போனாள். ஜெய்சன் சார் அறையில் தனியாக இருந்தார். கட்டை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். அந்த ஒரு அசைவிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

"சாரே, துலா மாச அளவை வேனலுன்னு போட்டிருக்காவ."

"உக்காரு மக்கா."

"யாரு போட்டது?"

"அதுல ஒரு எண்ணைக்கூட நான் மாத்தல்ல. எல்லாம் நீ எடுத்ததுதான்."

"தலைப்பு?"

அவர் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். "நான் இங்க கான்ட்ராக்டுல இருக்கேன்னு உனக்குத் தெரியுமா? வருசா வருசம் புதுக்கணும். வெளிய இருந்து புராஜெக்ட் கொண்டுவராத வாத்தியாரு இங்க வேண்டாம்னு சொல்லியாச்சு. எனக்கும் வீட்டுல ஆளு உண்டு. நான் செய்யல்லேன்னா வேற ஒருத்தன் அந்த ஊருக்கே போகாம உக்காந்து எழுதிக் குடுப்பான். அதுக்கு இது மேலு."

"இது மேலா சாரே? எனக்க பேரை வச்சா?"

"ஊர்க்காரியே எழுதினதுன்னா எதிர்ப்பு கொறையும்னு கன்சல்டன்சிக்காரவ சொன்னாவ." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். குரலை மாற்றினார். "பாரு, அடுத்த மாசம் உனக்க தீசிஸுல நான் ஒப்பு வைக்கணும். அஞ்சு வருசப் படிப்பு. யோசிச்சு நட."

அதுவரை அவர் ஊர்ப்பேச்சில்தான் பேசினார். அவள் தலைகுனிந்து நின்றிருந்த எத்தனையோ நாட்களில் அவளை நிமிரவைத்த அதே பேச்சு. அந்த மொழியிலேயே அவளை மிரட்டவும் முடியும் என்பதை நந்தனா எதிர்பார்க்கவில்லை. எழுந்து வெளியே வந்தாள். கண்ணாடிக் கட்டடத்து நீரூற்றின் திண்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

ரினியைப் பிடித்துக் கேட்டாள். அந்தப் படம் ரினியின் கைப்பேசியில் அல்லவா இருந்தது.

"சாரு கேட்டாரு, அனுப்பினேன்" என்றாள் ரினி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "டேபிளும் நான்தான் டைப் அடிச்சேன் நந்து. தலைப்பு மாறியிருக்குன்னு அப்பவே தெரிஞ்சது. சாரு சொல்லும்போ என்ன செய்ய? எனக்கும் மார்க்கு வேணுமில்லா?" என்றாள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட பறஞ்சிருக்கலாமே."

ரினி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று வருடம் ஒரே டிபன் பாத்திரத்தில் தின்றவர்கள் அவர்கள்.

கருத்துக் கேட்பு ஒரு சனிக்கிழமை காலை, ஊரை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். குவாரி முதலாளியின் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நந்தனா உள்ளே வந்ததும் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள். தாணு அன்று சுமைக்குப் போகாமல் மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவள் பேரைக் கூப்பிட்டதும் எழுந்தாள். களத்தில் எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். தேதி போட்டு, கிணறு கிணறாக, இரண்டு பருவத்து அளவும் அதில் இருந்தன. மழைக்காலத்து அளவைக் கோடை என்று போட்டிருக்கிறார்கள், பாறையை வெட்டினால் இருபத்தொரு கிணறு வற்றும் என்று மலையாளத்தில் தெளிவாகச் சொன்னாள். பின்னால் யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள்.

குவாரிக்காரர்களின் வக்கீல் மெதுவாக எழுந்தார். அவளிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்த அறிக்கையில் இருக்கும் ஒப்பு உங்களுடையதா?"

"ஆமா."

"படித்துப் பார்த்துத்தானே போட்டீர்கள்?"

ஆமாம் என்றால் அறிக்கை உண்மையாகிவிடும். "இல்ல. படிக்காமப் போட்டேன்."

"படிக்காமல் ஒப்பு போடுகிறவர் எழுதிய நோட்டுப் புத்தகத்தை மட்டும் நாங்கள் நம்பவேண்டுமா?"

முன்வரிசையில் சிரித்தார்கள். நந்தனா நின்றபடியே விலாசினியைத் தேடினாள். தன்கூட நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள் அவள். இரண்டு பருவமும் அளந்தது அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். விலாசினி தன் மடியில் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்ததும் எழுந்து, வெடிச் சத்தத்தைப் பற்றியும் பள்ளிக்கூடப் பாதையைப் பற்றியும் பேசினாள். கிணறு என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை.

திரும்பி வரும் வழியில் தாணு கேட்டார். "மக்கா, நீ அந்த ஒப்பு போடும்போ, உள்ள என்ன இருக்குன்னு கேக்கணும்னு தோணல்லியா?"

"அவரு தந்ததுப்பா. அதனால தோணல்ல."

தாணு வண்டியை ஓட்டிக்கொண்டே தலையாட்டினார். அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஊரில் அவர் ஒருவருக்குத்தான் போதுமானதாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் அவள் கொடுத்த புகாருக்கு ஒரு குழு போட்டார்கள். குழுவின் பதில் ஒரு பக்கத்தில் வந்தது. மாணவி தன் ஒப்புதலோடுதான் கையெழுத்திட்டிருக்கிறார், மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை. வேண்டுமானால் வேறு வழிகாட்டியின் கீழ், வேறு தலைப்பில் மறுபடி ஆய்வு செய்யலாம். அவள் ஒரு வருடம் பிந்தி, வேறொரு ஊரின் செம்மண்ணைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினாள். அந்த எழுத்தில் பிழை இல்லை. உயிரும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஜெய்சன் சாரை நடைபாதையில் எதிரே பார்த்தால் அவர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வார். அவளுடைய கடைசிப் பருவத்தில் அவருக்கு வேலை நிரந்தரமானது. துறையில் கேக் வெட்டினார்கள். அவளுக்கும் ஒரு துண்டு காகிதத் தட்டில் வந்தது. அவள் அதைத் தொடாமல் ஜெனரேட்டர் அறைக் காவலாளிக்குக் கொடுத்தாள்.

இப்போது நந்தனாவுக்கு இருபத்தைந்து வயது. வடக்கே ஒரு மாவட்டத்தில் நிலத்தடி நீர் அளக்கும் திட்டமொன்றில் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு கிணற்றடியிலும் அளவை வீட்டுக்காரர் கையாலேயே எழுதவைத்து, தேதியும் பருவமும் போட்டு, ஒரு நகலை அவர்களிடமே கொடுத்துவிடுகிறாள். இதனால் வேலை தாமதமாகிறது என்று மேலதிகாரி முணுமுணுக்கிறார். யாராவது அவளிடம் அன்பாகப் பேசினால், அதற்குப் பின்னால் என்ன கேட்கப்போகிறார்கள் என்று காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் விட்டுப்போகவில்லை.

குவாரி விவகாரம் முடியவில்லை. ஆட்சேபங்கள் அதிகம் வந்ததால் புது ஆய்வு செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி வேறு நிறுவனத்தை வைத்துப் புது அறிக்கை தயாரித்தார். இந்த முறை ஊர்ப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. விலாசினியும் சரோஜமும் சுகுமாரியும் சேர்ந்து, முடிச்சுப் போட்ட கயிற்றை வைத்துத் தாங்களே இரண்டு கோடை கிணறுகளை அளந்து ஒரு நோட்டில் எழுதினார்கள். நாடா விடும் முறையெல்லாம் விலாசினிக்கு நந்தனாவோடு நடந்தபோதே பழகியிருந்தது.

இரண்டாவது கருத்துக் கேட்பு சென்ற மாசம் நடந்தது. நந்தனா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அன்று காலை விலாசினி சுகுமாரியைக் கூப்பிட முன்வாசலுக்கு வந்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக நந்தனாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீ வரண்டாம். நீ வந்தா மறுபடியும் அந்த ஒப்பைத் தூக்கிக் காட்டுவாவ. எங்க நோட்டையும் சேத்துச் சந்தேகப்படுவாவ."

"சரி மாமி."

"கோவத்துல சொல்லல்ல."

"தெரியும் மாமி."

விலாசினி வாசல் படலையைத் திறந்துகொண்டு போனாள். சுகுமாரி சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே கிளம்பினாள்.

"அம்மா, நில்லு" என்றாள் நந்தனா. "கயிறு நனைஞ்சா நீளும். அதை வச்சு அளந்தது சரியான்னு கண்டிப்பா கேப்பாவ. ஈரக்கயிறை நீளாத மர முழக்கோலுல வச்சு ஒவ்வொரு தடவையும் ஒத்துப் பாத்தோம்னு சொல்லணும். பாத்தீங்க இல்லியா?"

"பாத்தோம். நீ அன்னைக்கு போனுல பறஞ்சதுக்கு அப்பொறம் எல்லாத் தடவையும் பாத்தோம். நானாத்தான் சொன்னதுன்னு அவளுவ நெனச்சிருக்காளுவ."

"அப்பிடியே இருக்கட்டும்."

சாயங்காலம் சுகுமாரி வந்து நடந்ததைச் சொன்னாள். கயிற்றைப் பற்றி வக்கீல் கேட்டாராம். அவளே எழுந்து பதில் சொன்னாளாம். அதிகாரி நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டாராம். முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பும்போது பஸ்சில் விலாசினி அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாளாம்.

"'கயிறு விஷயம் உனக்க மோளு சொன்னதா'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். எனக்குக் கள்ளம் சொல்ல வராது."

"அதுக்கு மாமி என்ன சொன்னாவ?"

"எறங்குத வரைக்கும் வெளியவே பாத்துட்டு இருந்தா."

மறுநாள் விடியற்காலம் நந்தனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினாள். தாணு பைக்கைக் கிளப்பினார். பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் விலாசினி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பைக் சத்தம் கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை. நந்தனாவும் கூப்பிடவில்லை.